தம்பியைத் தடுப்பில் போட்ட ஞாயிறு

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடம். இந்த நேரத்தை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை; தம்பி அனுப்பிய செய்தியின் கீழே அது இன்னும் இருக்கிறது. பிரெஞ்சுத் தலைநகரின் ரூ பெர்தொனே தெருவில் அப்பா வேலை செய்யும் மளிகைக் கடையில், அரிசி மூட்டைகளுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே நின்றிருந்தேன். அம்மா பியர்ஃபித்தில் ஒரு சாமத்தியவீட்டுக்கு, பூப்பு நீராட்டு விழாவுக்கு, போயிருந்ததால் இரவுச் சமையல் என் பொறுப்பாகியிருந்தது. செய்தி பிரெஞ்சில் இருந்தது, இரண்டே வரி. கோச் என்னை டெஃபோன்ஸில் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு அப்பா வரவேண்டாம் என்று சொல்லு.

தம்பிக்குப் பத்தொன்பது வயது. வடக்குப் புறநகரில் ஒரு கழகத்துக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான். இரண்டு ஆண்டுகளாகக் குவாட்டர்பாக். பெயரில் காலும் பந்தும் இருந்தாலும் அந்த ஆட்டத்தில் பந்தைப் பெரும்பாலும் கையால்தான் ஆள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்துசேரும் கை குவாட்டர்பாக்கினுடையது. அதை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று சில நொடிகளுக்குள் அவனே தீர்மானிக்கிறான். வென்றால் அவன் வென்றான் என்பார்கள். தோற்றாலும் அவன் பெயர்தான். தம்பிக்கு அந்த ஆட்டத்தில் பிடித்தது அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அப்பா அவன் ஆடி ஒருமுறையும் பார்த்ததில்லை. போட்டிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் ஞாயிறு என்பது ஊரே சாமான் வாங்க வரும் நாள். செப்டெம்பரிலிருந்து கேட்டுக் கேட்டு, அடுத்த ஞாயிறு ஒரே ஒரு நாள் விடுமுறை வாங்கியிருந்தார். தம்பி எறிவதைப் பார்ப்பதற்காக.

அந்த விடுமுறை கிடைத்ததும் தம்பி என்னிடம் ஒரு வேலை தந்தான். "அக்கா, நீதானே இலக்கியம் படிக்கிறாய். அப்பாவுக்கு விளங்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தாவன்." நான் அதைத் தேவைக்கு மேல் தீவிரமாக எடுத்துக்கொண்டேன். ஒரு பிறமொழிச் சொல்கூட இல்லாமல் அந்தப் பக்கத்தை எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. குவாட்டர்பாக்கிடம் அந்த வீம்பு செல்லவில்லை. பகுதி பகுதியாக, குவாட்டர் கால், பாக் பின் என்று பெயர்த்தால் 'கால்பின்னன்' என்று வந்தது. தம்பியிடம் படித்துக் காட்டினேன். "அக்கா, இது காலைப் பின்னிக்கொண்டு விழுறவன் மாதிரியெல்லோ இருக்கு" என்றான். ஆனால் எதிரணியை முன்னேற விடாமல் நிறுத்தும் ஆட்டக்காரர்களுக்கு, டெஃபோன்ஸுக்கு, நான் ஒரு கணமும் தயங்கவில்லை. தடுப்பு. அகராதிச் சொல், சுத்தமான சொல், நான்கே எழுத்து. அதைக் கண்டுபிடித்ததில் எனக்குச் சிறிய பெருமைகூட இருந்தது.

அப்பா ஒரு வாடிக்கையாளருக்காகப் பூசணிக்காயைக் கீறிக்கொண்டிருந்தார். செய்தியை அவரிடம் மெதுவாகச் சொல்லவேண்டும் என்று எண்ணினேன். சொற்களைத் தேர்ந்தேன். பிறகு சொன்னேன்.

"அப்பா, தம்பியைத் தடுப்பிலை போட்டிட்டினமாம்."

கத்தி பூசணியின் பாதியில் நின்றது. அப்பா அதை வெளியே இழுக்கவில்லை. கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"எப்ப பிடிச்சவங்கள்?"

"பிடிக்கேல்லை அப்பா, போட்டிட்டினம். இப்பதான் மெசேஜ் வந்தது."

"அப்ப ஃபோன் இன்னும் அவனிட்டையோ இருக்கு? பறிக்கேல்லையோ?"

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு எட்டுவதற்குள், கல்லாவில் இருந்த முதலாளி எழுந்துவிட்டார். "என்ன அண்ணை, என்ன நடந்தது?"

"பெடியனைப் பிடிச்சு உள்ளுக்கை போட்டிட்டாங்களாம்."

"ஐயோ. வதிவிடக் கார்த் இருக்குத்தானே அவனிட்டை? இஞ்சை பிறந்த பிள்ளையை எப்பிடிப் போடுவாங்கள்?"

"எங்கை பிறந்ததெண்டு ஆர் பாக்கிறான்?" அப்பா அதற்குள் வேலை மேலங்கியின் முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தார்.

"அப்பா, அந்தத் தடுப்பில்லை. டெஃபோன்ஸ்!"

நான் நிலைமையைச் சீராக்க முயன்றேன். ஆனால் நகரின் மேற்கே, கண்ணாடிக் கோபுரங்களாக எழுந்து நிற்கும் அலுவலகப் பகுதிக்கும் லா டெஃபோன்ஸ் என்றுதான் பெயர்.

"லா டெஃபோன்ஸிலையோ?" என்றார் முதலாளி. "அங்கை என்னத்துக்குப் போனவன்? அண்ணை, ஓடாதையுங்கோ, நில்லுங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு அவோக்கா, நல்லா வழக்குப் பேசுறவர், அந்தப் பக்கந்தான். முதல்லை எந்தப் பொலிஸ் கொமிசாரியா எண்டு கேளுங்கோ."

அப்போதுதான் வாசலருகே கறிவேப்பிலையை முகர்ந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் தலையிட்டார். பாண்டிச்சேரிக்காரர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிறுதோறும் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்காகவே வருவார்.

"அட இருங்கப்பா. பொண்ணு சொல்றது ஆட்டத்துல டெஃபான்ஸ். பந்தைத் தடுக்கிற ஆளு. போலீசும் இல்ல, ஜெயிலும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதைப் பிரெஞ்சுலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? தமிழ்ல சொல்லப் போயில்ல இவ்வளவு வம்பு!"

கடை சிரித்தது. "அப்ப பிணையெடுக்கத் தேவையில்லை, அண்ணை. பூசணியை வெட்டுங்கோ" என்றார் முதலாளி. அப்பாவும் சிரித்தார், எல்லோருக்கும் கடைசியாக. மேலங்கியை மறுபடி கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை நழுவியது. பூசணியின் மறு பாதி கோணலாக வந்தது. வாங்க நின்ற பெண் அதையே எடுத்துக்கொண்டார்.

நான் பிறப்பதற்கு முன், கொழும்பில், அப்பா பதினொரு மாதம் தடுப்பில் இருந்தவர். எங்கள் வீட்டில் அது ஒரு கதையாகச் சொல்லப்பட்டதில்லை. அம்மா ஒருமுறை மாதக் கணக்கை மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் அறிந்ததெல்லாம் பழக்கங்கள்: குளியலறைக் கதவைக்கூட உள்ளே தாழிட வேண்டாம் என்பார், எந்த அறையிலும் வாசலும் ஆட்களும் ஒருசேரத் தெரியும் மூலையில்தான் உட்காருவார். எங்கள் ஆட்கள் 'தடுப்பிலை இருந்தவர்' என்றால், வழக்கில்லாமல் பிடித்து அடைக்கப்பட்டிருந்தவர்; அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டே அந்தச் சொல்லை எழுதினேன், பெருமைப்பட்டேன், அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அகராதி ஒரு சொல்லின் பொருள்களைச் சொல்லும். அதை யார் முன் சொல்லக்கூடாது என்று சொல்லாது.

சமையல் சாமான் பொதிகளைத் தூக்கிக்கொண்டு மார்க்ஸ் டோர்மோயில் இருக்கும் வீட்டுக்கு நடந்தேன். வழி முழுவதும் மாற்றுச் சொல் தேடினேன். காவல் என்றால் காவல் நிலையம். மறிப்பவர் என்றால் மறியல். அது எங்கள் பேச்சில் சிறை. காப்பு என்று எழுதலாம். ஆனால் அப்பாவுக்கு அது குழந்தையின் கையில் போடும் வளையல். ஒரு கோட்டைத் தாண்ட விடாமல் நிற்பவனைச் சொல்ல எங்களிடம் இருந்த சொற்களில் பாதி, ஆளைப் பிடித்து அடைத்துவிட்டன.

ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டம் தொடங்கியது. அங்கே அது பிற்பகல் ஒரு மணி. தம்பி ஞாயிறுகளில் இதைத் தவறவிடுவதில்லை. இன்று பயிற்சிப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு, ஈரத் தலையுடன், ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாளைக் காலைக்குள் கோச்சுக்குப் பதில் சொல்லவேண்டும்: பின்வரிசையில் நிற்கிறானா, கழகத்தை விட்டுப் போகிறானா. போகப்போகிறேன் என்று என்னிடம் பிரெஞ்சில் சொன்னான். ஒரு புதிய பையன் வந்திருக்கிறான், இவனைவிட உயரம், இவனைவிடத் தூரம் எறிகிறான், அவ்வளவுதான், என்றான்.

ஒன்பது மணிக்கு மேல் அப்பா வந்து தன் மூலையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் நடந்ததைச் சொன்னார். முதலாளியின் வழக்கறிஞரையும் கறிவேப்பிலைப் பெரியவரையும் நன்றாகவே நடித்துக் காட்டினார். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. 'அதிலை போட்டிட்டாங்கள் எண்டு' என்றார்.

தம்பி சிரிக்கவில்லை. "அக்கா சரியாத்தான் சொன்னவ. ஜெயில்தான் அது."

"அப்பிடிச் சொல்லாதை" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. தம்பி திரையைப் பார்த்தான்.

சிறிது நேரம் மூவரும் உண்டோம். பிறகு அப்பா, சமாதானமாகவோ உண்மையான ஐயத்தாலோ, கேட்கத் தொடங்கினார். "இப்ப எறிஞ்சவன் எங்கை போறான்?"

"வெளியிலை. இனி மற்ற ஆக்கள் வருவினம், தடுக்க."

"அவன் தடுக்கமாட்டானோ?"

"குவாட்டர்பாக் தடுக்கிறதில்லை, அப்பா."

"அப்ப பாதி ஆட்டம் வாங்கிலை இருந்து பாக்கிறவனோ?"

வாங்கு என்றால் ஆட்டக்காரர்கள் ஓய்ந்து இருக்கும் நீள இருக்கை. தம்பி முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினான். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல, பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாகத் தன் வழக்கை எடுத்துவைத்தான். தன் அணியின் ஒவ்வொரு நகர்வும் அவன் கையில்தான் தொடங்குகிறது. நல்ல குவாட்டர்பாக் இருந்தால் மற்றவர்களின் பிழை மறையும். அவன் மோசமென்றால் மற்றப் பத்துப் பேரும் வீண். விதிகளே அவன் மேல் கைபடாமல் பார்த்துக்கொள்ள மாற்றப்பட்டிருக்கின்றன. அணிகள் ஆண்டுக்கணக்காகத் தேடுவதும் அவனைத்தான். தாக்குதல் ஆட்டத்தை வெல்லும், தடுப்பு கிண்ணத்தை வெல்லும் என்று அமெரிக்காவில் ஒரு பழைய வாக்கு இருக்கிறதாம். அது தடுக்கிறவர்களைச் சமாதானப்படுத்தச் சொன்னது என்றான்.

அப்பா மென்று முடித்தார். "இவன் எவ்வளவு புள்ளி எடுத்தாலும், அங்காலை விட்டுக்கொண்டிருந்தால் என்ன பிரயோசனம்?"

"அவங்கள் விட்டால், இவன் இன்னும் எடுப்பான்."

"எவ்வளவுக்கு எடுப்பான்? அவங்கள் நிப்பாட்டினால்தானே இவனுக்குப் பந்து வரும்."

இருவரும் சரி என்று எனக்குத் தோன்றியது. இலக்கிய வகுப்பில் நான் வழக்கமாக எடுக்கும், எனக்கே அலுத்துப்போன நிலைப்பாடு அது. ஆனால் அன்று ஒன்றைக் கவனித்தேன். திரையில் தடுப்பவர்கள் மூன்று முயற்சிகளை முறியடித்தபோதெல்லாம், காட்சி உடனே ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்த குவாட்டர்பாக்கின் முகத்துக்குத் தாவியது. நடந்ததைச் செய்யாதவனின் முகத்தில்தான் நடந்ததன் பொருளைத் தேடினார்கள். நாவல்களிலும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம். எறிவதற்கு ஒரு கணம் உண்டு. பந்து காற்றில் போவதைப் பார்க்கலாம். தடுத்தது என்பது நடக்காமல் போன ஒன்று. நடக்காமல் போனதை எப்படிக் காட்டுவது, எப்படி எழுதுவது? பிள்ளைகளுக்குச் சொல்லக்கூட அதில் கதை இருப்பதில்லை.

அப்பாவை நான் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும்போல இருந்தது.

பத்து மணியை நெருங்கும்போது அது நடந்தது. தம்பியின் நாயகன் ஆடிய அணி ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்தது. முடியச் சில நிமிடங்களே இருந்தன. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடி நேரத்தைக் கடத்தினாலே போதும். அவன் எறிந்தான். அழகான எறிதல், அதைக் குறை சொல்ல முடியாது. எதிரணிக்காரன் ஒருவன் அது எங்கே வரும் என்று முன்பே அறிந்தவன்போல இரண்டு அடி உள்ளே வந்து, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினான்.

"ஐயோ" என்று தம்பி எழுந்தான்.

ஓடுகிறவனுக்கும், தாண்டினால் புள்ளி கிடைக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரே ஒருவன்தான் இருந்தான்: எறிந்தவன். அவனுக்குப் பிடித்து விழுத்தும் பழக்கம் இல்லை என்பது அவன் ஓடிய விதத்திலேயே தெரிந்தது. ஆனால் ஓடுகிறவனை நோக்கி ஓடாமல், அவன் வந்துசேரப் போகும் இடத்தை நோக்கிக் குறுக்கே ஓடினான். ஓரக் கோட்டருகே இருவரும் மோதினார்கள். குவாட்டர்பாக் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு விழுந்தான். தலைக்கவசம் திரும்பி ஒரு கண்ணை மறைத்தது. கோட்டுக்கு இன்னும் நான்கைந்து கஜம் இருந்தது.

அப்பா தொடையில் தட்டினார். "பாத்தியோ, இவனும் தடுப்புக்கு வந்திட்டான்!"

தம்பி என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். அந்தச் சொல்லை அப்பா வாயிலிருந்து நாங்கள் இருவரும் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் எங்களைப் பார்க்கவில்லை. என்ன சொன்னார் என்று அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை. அடுத்த முயற்சியைப் பார்க்க முன்னால் சாய்ந்திருந்தார், தட்டு சரிந்து பருப்பு விளிம்புக்கு வந்ததுகூடத் தெரியாமல். விதி அனுமதிக்கும் நான்கு முறை எதிரணி அந்த நான்கைந்து கஜத்தைக் கடக்கப் பார்த்தது. நான்கு முறையும் குவியலாக விழுந்தார்கள். நான்காவது குவியலைப் பிரித்தபோது பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தது.

"இப்ப சொல்லு" என்றார் அப்பா. "ஆர் வெண்டது?"

"எறிஞ்சுதானே அவ்வளவு புள்ளி எடுத்தவன்" என்றான் தம்பி. ஆனால் உட்காராமலே சொன்னான். காட்சியைப் பின்னோக்கி ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினான். எறிதலையல்ல, அந்தக் குறுக்கு ஓட்டத்தை. பிறகு, ஆட்ட நுணுக்கத்தைப் பிரெஞ்சிலேயே பேசுகிறவன், தமிழில், "கோணம் சரி" என்றான்.

"என்ன கோணம்?"

அப்போதுதான், செய்தியில் எழுதாத ஒன்றைச் சொன்னான். கோச் அவனிடம் சொன்னது இரண்டு வாக்கியம். முதலாவது, புதியவன் தூரம் எறிகிறான். இரண்டாவது: எறிகிறவன் எங்கே பார்ப்பான் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் உன்னை எல்லோருக்கும் பின்னால் நிறுத்துகிறேன். தம்பி முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டிருந்தான்.

அப்பா தட்டைக் கீழே வைத்தார். "அப்ப ஞாயிறு நான் வரவோ, வேண்டாமோ? லீவைத் திருப்பிக் குடுக்கிறதெண்டால் முதலாளிக்கு வெள்ளெனச் சொல்லவேணும்."

"நான் எறியமாட்டன் அப்பா. பந்தே கைக்கு வராது, சிலவேளை முழு ஆட்டமும்."

"வராட்டில் என்ன? நீ எங்கை நிப்பாய் எண்டு சொல்லு. நான் அங்கையே பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"ஆகப் பின்னுக்கு."

"ஆகப் பின்னுக்கோ?" அப்பா தன் மூலையிலிருந்து அறையை ஒருமுறை பார்த்தார்: வாசல், பயிற்சிப் பை, நான், தம்பி. "அது நல்ல இடமெல்லோ. அங்கை நிண்டால் எல்லாரையும் காணலாம்."

தம்பி தொலைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். கோச்சுக்கு என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து வாசலில் கிடந்த பையைத் திறந்து, ஈர உடுப்புகளை எடுத்துக் காயப் போட்டான். விட்டுப் போகிறவன் அதைச் செய்யமாட்டான்.

வெல்வது யார் என்ற கேள்விக்கு அன்றைய ஆட்டம் விடை தந்ததாக நான் எண்ணவில்லை. அப்பா தன் கட்சிக்குச் சாட்சியாகக் காட்டியது ஒரு குவாட்டர்பாக்கை. தம்பி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது ஒரு தடுப்பை. எனக்குக் கிடைத்தது ஒரு சொல் மட்டும். அதுவும் நான் மறுபடி எழுதத் துணியாதிருந்த ஒரு சொல், அப்பாவின் வாயால் திருத்தப்பட்டு.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு எழுந்து, அந்தப் பக்கத்தைப் புதிதாக, அப்பாவின் கண்ணுக்கேற்ப பெரிய எழுத்தில் எழுதினேன். கால்பின்னனை அடித்துவிட்டுக் குவாட்டர்பாக் என்றே வைத்தேன். காவல், மறிப்பு, காப்பு என்று வழியில் சேர்த்துவைத்திருந்த எதையும் எடுக்கவில்லை. தடுப்பு என்று எழுதினேன். அதன் கீழே ஆடுகளத்தை ஒரு நீள்சதுரமாக வரைந்து, ஆகப் பின்னால் ஒரு புள்ளியிட்டு, தம்பி என்று குறித்தேன். தாளை நான்காக மடித்து, அப்பாவின் குளிர்ச்சட்டைப் பையில் பயண அட்டையோடு சேர்த்து வைத்துவிட்டு, பன்னிரண்டாம் இலக்க மெட்ரோவைப் பிடிக்க இறங்கிப் போனேன்.